'ஹேஸ்ட்' – ஒரு சொல்லின் கதை

அரையாண்டுத் தேர்வில் ஆங்கில விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வகுப்பில் எல்லோருக்கும் முன்பாக வெளியே வந்தவள் நான். வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை என்பது வாசலில் தோழிகள் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. இருபது மதிப்பெண் போயிற்று. திருத்திய தாளின் ஓரத்தில் சிஸ்டர் சிவப்பு மையில் நான்கே சொற்கள் எழுதியிருந்தார்கள்: 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்.'

'அவசரம் மிகுந்தால் வேகம் குறையும்' என்று பொருள் கொண்டேன். எனக்கு விளங்கவில்லை. நான் வேகமாகத்தானே முடித்தேன்? நூலகத்துப் பெரிய அகராதியைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பீட்' என்றால் வெற்றி, செழிப்பு என்று பொருளாம். வேகம் என்ற பொருள் பின்னர் வந்தது. ஆகவே அந்தப் பழமொழி, 'அவசரம் மிகுந்தால் வெற்றி குறையும்' என்கிறது. என் தாளுக்கு அது எவ்வளவு பொருத்தம்!

பிறகு 'ஹேஸ்ட்' என்ற சொல்லையும் தேடினேன். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்தில் புகுந்தன. அவ்வழியே வந்த சொற்களுள் இதுவும் ஒன்று. இன்றைய பிரெஞ்சு மொழியில் இச்சொல்லின் நடுவிலுள்ள 'எஸ்' மறைந்து, அதன் நினைவாக 'ஏ' எழுத்தின் தலையில் ஒரு சிறு கூரை மட்டும் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்களோ இச்சொல்லைப் பழைய ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பெற்றவர்கள். அங்கே அதன் வேர்ப்பொருள் சண்டை, வன்முறை என்பதாகும். நம் தமிழிலும் 'ஆத்திரம்' என்ற சொல் கோபத்தையும் குறிக்கிறது, அவசரத்தையும் குறிக்கிறது அல்லவா? தொலைதூரத்து இரு மொழிகள் ஒரே உண்மையைக் கண்டிருப்பது வியப்பாக இருக்கிறது.

இச்சொல்லுக்கு ஒரு தபால் கதையும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்து இங்கிலாந்தில், நெடுஞ்சாலைகளில் இடைவெளி விட்டுக் குதிரைகளும் ஆட்களும் நிறுத்தப்பட்டிருந்தனர். கடிதம் கை மாறிக் கை மாறிச் செல்லும். அக்கடிதங்களின் மேல் 'ஹேஸ்ட், போஸ்ட், ஹேஸ்ட்' என்று எழுதுவார்கள். 'விரைந்து செல், தபால்காரனே, விரைந்து செல்' என்பது அதன் பொருள். சிலவற்றில் தூக்குமரத்தின் படமும் வரைந்திருக்குமாம்! தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு எச்சரிக்கை. மிக விரைவாக என்ற பொருளில் இன்று நாம் படிக்கும் 'போஸ்ட் ஹேஸ்ட்' என்ற தொடர் இப்படிப் பிறந்ததுதான்.

அப்படியானால் விரைவதே தவறா? இல்லை. தேவதூதர் சொன்ன செய்தியைக் கேட்டதும் அன்னை மரியாள் எலிசபெத்தம்மாளைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றதாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. ஆங்கில விவிலியங்கள் பல அவ்விடத்தில் பயன்படுத்தும் சொல்லும் 'ஹேஸ்ட்' தான். முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த உறவினருக்கு உதவச் சென்ற விரைவு அது. மே 31-ஆம் நாள் நாம் கொண்டாடும் திருநாள் அதன் நினைவே.

தபால்காரன் விரைந்தது அச்சத்தால். அன்னை விரைந்தது அன்பால். நான் விரைந்ததோ, முதலில் வெளியே வரவேண்டும் என்ற வீண் பெருமையால். சொல் ஒன்றே, உள்ளம் வேறு. 'பதறாத காரியம் சிதறாது' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வதும் இப்போதுதான் மனதில் பதிந்தது.

பொதுத் தேர்வு நெருங்கிவிட்டது. தோழிகளே, வினாத்தாளை இருபுறமும் திருப்பிப் பார்ப்போம்! 'கடவுள் உனக்கு வெற்றி அருள்வாராக' என்னும் பழைய பொருளிலேயே உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்: 'காட் ஸ்பீட்!'