பின் டயருக்கு உழைப்பு, முன் டயருக்குப் பிடிப்பு

"அக்கா, ரொம்ப நாள் உழைக்கிற டயர் எதுக்கா?" சாப்பாடு டெலிவரி பண்ற தம்பிங்க, மருந்து கம்பெனிப் பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போற பசங்க, குழுக் கடன் வசூலுக்கு கிராமம் கிராமமாச் சுத்துற தங்கச்சிங்க, எங்க டயர்க் கடைப் படியேறுற எல்லாரும் கேக்கிற கேள்வி இதுதான். டயர் கழட்டி மாட்டுறது வீட்டுக்காரர் வேலை. கல்லாவுல உக்காந்து கழட்டிப் போட்ட பழைய டயரை எல்லாம் பாத்துப் பாத்துக் கணக்குப் போடுறது என் வேலை. அதனால பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு டயருக்கும் ஒரே கணக்குப் போடாதே. பின் டயர்ல உழைப்பைப் பாரு. முன் டயர்ல பிடிப்பைப் பாரு.

ஏன்னா ரெண்டும் செய்ற வேலையே வேற. இன்ஜின் இழுவை முழுசும் போறது பின் டயருக்கு. பின்னாடி உக்கார்ற ஆளு, டெலிவரிப் பை, கேரியர்ல கட்டுன மூட்டை, எல்லாப் பாரமும் அது தலையிலதான். அதனாலதான் முன் டயர் ஒண்ணு தேயறதுக்குள்ள பின் டயர் ரெண்டு மாத்துற வண்டிங்க நிறைய இருக்கு. முன் டயர் கதை வேற. பிரேக் பிடிச்சதும் வண்டி பாரம் முன்னாடி சாயும். வண்டியை நிறுத்தறதுலயும் திருப்பறதுலயும் பெரிய பங்கு அதுக்குத்தான். பின் டயர் கொஞ்சம் வழுக்குனா சமாளிச்சுடலாம். முன் டயர் வழுக்குனா, என்னன்னு புரியறதுக்குள்ள ஆள் தரையில கிடப்பான்.

ரப்பர்ல கெட்டி ரகம், மெது ரகம்னு இருக்கு. செருப்பு மாதிரிதான்: கெட்டி அடிப்பாகம் வருஷக்கணக்கா உழைக்கும், ஈரமான பாத்ரூம்ல காலை வாரிவிடும். 100, 125 சிசி வண்டிக்கு வர்ற சாதாரண டயர் பெரும்பாலும் உழைப்புக்குன்னே செஞ்சது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு வர்ற அகல டயர் மெது ரப்பர். வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும், சீக்கிரம் கரையும். நடுப்பட்டை கெட்டியாவும் ரெண்டு ஓரமும் மெதுவாவும் இருக்கிற 'டூயல் காம்பவுண்ட்' டயரும் இப்ப கிடைக்குது. நெடுஞ்சாலையில நேராவே ஓட்டுறவங்களுக்கு டயரோட நடுப்பாகம்தான் தட்டையாத் தேயும். உன் வண்டி அளவுக்கு அப்படி ஒண்ணு கிடைச்சா, பின் பக்கத்துக்கு யோசிக்காம எடு.

விலையைப் பாத்து முகம் சுளிக்காதே, பைசாவைப் பாரு. ஒரு பேச்சுக்கு, 1,600 ரூபாய் டயர் 16,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வை. கிலோமீட்டருக்கு 10 பைசா. 2,200 ரூபாய் டயர் 27,500 ஓடுனா 8 பைசா. தினம் 100 கிலோமீட்டர்னு மாசம் 26 நாள் ஓட்டுறவனுக்கு வருஷத்துக்கு 31,000 கிலோமீட்டருக்கு மேல வரும். அவனுக்கு இந்த 2 பைசா சும்மா இல்ல. ஆனா இந்தக் கணக்கு உனக்குக் கைகொடுக்கணும்னா, டயர் மாத்துற அன்னைக்கு மீட்டர்ல என்ன ஓடியிருக்குன்னு பில் மேலயே எழுதிவைக்கணும். ஒருத்தரும் எழுதறதில்ல. "நல்லா ஓடுச்சுக்கா"ன்னு சொல்வாங்க. எத்தனை கிலோமீட்டர்னு கேட்டா முழிப்பாங்க.

கடையில போய் கம்பெனிப் பேரை மட்டும் சொல்லிக் கேக்காதே. எம்.ஆர்.எஃப். கம்பெனி பிறந்ததே நம்ம திருவொற்றியூர்லதான். டி.வி.எஸ். யூரோகிரிப் டயரை மதுரை பக்கத்துல வெள்ளரிப்பட்டியில செய்றாங்க. பெருமைதான், சந்தேகமே இல்ல. ஆனா ஒரே கம்பெனி உழைக்கிற டயரும் செய்யும், பறக்கிற டயரும் செய்யும். எந்த மாடல், எந்த டிசைன்னு கேக்கணும். அதே அளவுல ரெண்டு டயரைப் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லி, பள்ளத்துல தீக்குச்சியை விட்டு ஆழம் பாரு. ரப்பர் ரகம் ஒண்ணா இருந்தா, ஆழம் கூடுன டயர் கூட நாள் வரும்.

டயர் பக்கவாட்டுல இருக்கிற எழுத்தைப் படிக்கத் தெரிஞ்சிக்கோ. 80/100-18 54P-ன்னு இருக்குன்னு வை. 80 மில்லிமீட்டர் அகலம். உயரம் அந்த அகலத்துல 100 சதவீதம். ரிம் 18 இஞ்ச். 54-ங்கிறது பாரக் குறியீடு, அதுக்கு 212 கிலோன்னு அர்த்தம். P-ன்னா 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும். இதுல வேகத்தைவிட பாரம்தான் உனக்கு முக்கியம். பின்னாடி ரெண்டு தண்ணி கேன் கட்டுனாலே 40 கிலோ. பழைய டயர்ல இருந்த பாரக் குறியீட்டுக்குச் சமமா எடு, இல்லன்னா கூட எடு. குறைச்சலா மட்டும் எடுத்துடாதே. கடையில அந்த நம்பர் இல்லன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு சொல்வாங்க. அட்ஜஸ்ட் ஆகப்போறது உன் டயரோட ஆயுசுதான்.

"அகல டயர் போட்டா வண்டி கெத்தா இருக்கும்"னு ஒரு நினைப்பு. ரிம் அகலத்துக்கு மேல டயர் போட்டா ரெண்டு ஓரமும் உள்ள இழுத்துப் பிடிச்சு, நடு மட்டும் கூம்பா நிக்கும். ரோட்ல படுற இடம் கூடாது, குறையும். மைலேஜ் போகும், நடுப்பாகம் சீக்கிரம் கரையும், சில வண்டியில செயின் கவர்ல உரசவும் செய்யும். கம்பெனி கொடுத்த அளவுதான் அதிகம் உழைக்கிற அளவு. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

பில் போடறதுக்கு முன்னாடி தயாரிச்ச தேதி பாரு. நாலு இலக்கம் இருக்கும்: 2324-ன்னா 2024-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். ரொம்ப நாள் வெயில் படுற இடத்துல தொங்கிக் கிடந்த டயர்ல ரப்பர் இறுகி, மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். மாட்டும்போது சுத்துற திசைக்கான அம்புக்குறியையும் ஒரு பார்வை பாத்துடு. மஞ்சள் புள்ளி இருந்தா அது வால்வுக்கு நேரா வரணும். டயர்ல எடை குறைஞ்ச இடம் அது.

அலாய் வீலா இருந்தா டியூப்லெஸ்ஸே போடு. ஆணி குத்துனாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆர்டரோட நடுரோட்ல நிக்க வேண்டாம். கம்பி வீல்னா டியூப்தான். அங்க பலரும் செய்ற கஞ்சத்தனம் ஒண்ணு உண்டு: புது டயருக்குள்ள பழைய டியூபைத் திணிக்கிறது. பழைய டியூப் விரிஞ்சு பெருசாயிருக்கும். புது டயருக்குள்ள போனா மடிப்பு விழும், அந்த மடிப்பு உரசி உரசியே பஞ்சர் ஆகும். டயர் மாத்தும்போது டியூபையும் ரிம் டேப்பையும் சேத்து மாத்திடு.

மொட்டை டயர்ல கத்தி வச்சுப் புதுசாக் கோடு கிழிச்சு, பாலீஷ் போட்டு, பாதி விலைக்கு விக்கிறவங்க இருக்காங்க. பட்டன் ஆழமாத் தெரியும். அடியில நைலான் நூல் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். இலவசமாக் கொடுத்தாலும் வாங்காதே.

இப்ப காத்துக்கு வர்றேன். கடையில நீ எவ்வளவு பாத்துப் பாத்து வாங்குனாலும், டயர் எத்தனை கிலோமீட்டர் வரும்னு முடிவு பண்றது காத்துதான். காத்து குறைஞ்சா டயர் ஒவ்வொரு சுத்துலயும் கூடுதலா நசுங்கி நிமிரும், சூடு ஏறும், ரெண்டு ஓரமும் தேயும், பெட்ரோலும் குடிக்கும். கூடுனா நடுப்பட்டை மட்டும் கரையும், பள்ளத்துல வண்டி குதிக்கும். கழட்டிப் போட்ட டயரைப் பாத்தே சொல்லிடலாம், ஓட்டுனவன் எந்த ரகம்னு. பின் டயருக்கு ரெண்டு அளவு இருக்கு: தனியாப் போனா ஒண்ணு, பின்னாடி ஆளு உக்காந்தா இன்னொண்ணு. வண்டிப் புத்தகத்துலயும் செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கர்லயும் போட்டிருக்கும். தினம் மூட்டை ஏத்துறவன் தனியாப் போற அளவை வச்சு ஓட்டுனா டயர் எப்படி உழைக்கும்? டயர் மேல எழுதியிருக்கிற காத்து அளவு அந்த டயருக்கு உச்ச வரம்பு. உன் வண்டிக்கான அளவு அது இல்ல. அதைப் பாத்து அடிச்சுடாதே.

வாரத்துக்கு ஒரு தடவை காலையில, வண்டி எடுத்ததும் பக்கத்து பங்க்லயே காத்துப் பாரு. ஓடிச் சூடான டயர்ல அளவு கூடத்தான் காட்டும். கூடியிருக்குன்னு இறக்கிவிட்டா ஆறுனதும் குறைஞ்சு நிக்கும். சித்திரை வெயில்ல மதியம் பாத்து ஏமாறுறவங்க அதிகம். பங்க் மீட்டர் எல்லாம் ஒரே மாதிரி காட்டாது. பேனா மாதிரி ஒரு சின்ன கேஜ் வாங்கிப் பையில போட்டு வை. நைட்ரஜன் அடிக்கட்டுமான்னு கேட்டா அது உன் இஷ்டம். சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு ஒரு டீ குடி.

டயர் ஒரு பக்கமாவே தேயுதா? டயரைத் திட்டாதே, வண்டியைப் பாரு. செயின் டைட் பண்ணும்போது ரெண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் சமமா இல்லன்னா பின் வீல் கோணிக்கிட்டு நிக்கும். டயர் திட்டுத் திட்டா, அலை அலையாத் தேஞ்சா வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், ஆயில் ஒழுகுற ஷாக் அப்சார்பர், இதுல ஏதோ ஒண்ணு போயிருக்கும். கால் பிரேக்கை மட்டுமே மிதிச்சு, கிரீச்சுன்னு கோடு போட்டு நிறுத்துற பழக்கம் இருந்தா விட்டுடு. ஒரே இடத்துல ரப்பர் தேஞ்சு தட்டை விழும். ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடி.

புது டயர் மாட்டுன முதல் 150 கிலோமீட்டர் அடக்கமா ஓட்டு. அச்சுல இருந்து வந்த வழுவழுப்பு போகணும். டயருக்குப் பளபளன்னு பாலீஷ் அடிக்கிற வாட்டர் வாஷ் கடையில, ரோட்ல படுற பாகத்துல அது படவே கூடாதுன்னு சொல்லிடு. வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். தேய்மானத்துக்கும் ஆணிக்கும் கிடையாது. ஆனாலும் பில்லைத் தூக்கிப் போடாதே.

எப்ப மாத்தணும்? டயர் பக்கவாட்டுல TWI-ன்னு தேய்மானக் குறி இருக்கும், அதுக்குப் பதிலா சின்ன முக்கோணக் குறியும் இருக்கலாம். அதுக்கு நேரா உள்ள பள்ளத்துல ஒரு சின்ன மேடு தெரியும். ரப்பர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சது. நம்ம நாட்டுச் சட்டப்படி டூவீலர் டயர்ல குறைஞ்சது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும். சட்டம் சொல்ற அளவு அது; மழைக்கு அது போதாது. பள்ளம் வழியாத்தான் தண்ணி வெளியேறணும். பள்ளமே இல்லன்னா ரோட்ல போட்ட வெள்ளைக் கோடும் பாதாளச் சாக்கடை இரும்பு மூடியும் உன்னைக் கீழே தள்ளிடும். பின் டயரை வேணும்னா அந்த மேடு வரைக்கும் ஓட்டிக் காசைப் பிடி. முன் டயர்ல அந்தச் சிக்கனம் வேண்டாம். ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, புரட்டாசியிலயே குனிஞ்சு பாத்துடு. பாதிக்கு மேல தேஞ்சிருந்தா அந்த மாசச் சம்பளத்துலயே மாத்திடு, தம்பி.