அழகு எது?

அழகை விரும்புவது பாவமா? இல்லை. அல்லாஹ் அழகானவன், அவன் அழகை விரும்புகிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் எந்தச் சந்தர்ப்பத்தில் அப்படி அருளினார்கள் என்பதை நாம் சிந்திப்பதில்லை.

உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவரும் சுவனம் புகமாட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நல்ல உடையும் நல்ல காலணியும் அணிய விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு விடையாகவே இதைக் கூறினார்கள். அத்தோடு நிறுத்தவுமில்லை. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். இது முஸ்லிம் ஷரீபில் உள்ள ஹதீஸ். முன்பாதியை நாம் மனப்பாடம் செய்துகொண்டோம், பின்பாதியை மறந்துவிட்டோம்!

மறந்ததன் விளைவைப் பெண் பார்க்கும் வீடுகளில் காணலாம். மணக்க நினைக்கும் ஆண், பெண்ணைப் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் நடப்பதென்ன? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து, "பெண் நிறம் மட்டுதான்" என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். நிறம் குறையக் குறையக் கைக்கூலி ஏறுகிறது. ஒரு பெண் மற்றொரு பெண்ணைப் பரிகசிக்கலாகாது, பரிகசிக்கப்படுபவள் மேலானவளாக இருக்கக்கூடும் என்று ஹுஜுராத் சூராவின் 11-வது ஆயத்து பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டே எச்சரிக்கிறது. நம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாக ரூம் சூராவின் 22-வது ஆயத்து எடுத்துச் சொல்கிறது. அல்லாஹ்வின் அத்தாட்சியையா நாம் குறை என்கிறோம்?

இந்த மனக்குறையை வியாபாரிகள் நன்கு அறிவார்கள். 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த "ஃபேர் அண்ட் லவ்லி" முகக்களிம்பு, வெளுப்பே அழகு என்ற எண்ணத்தை வீடுதோறும் வளர்த்தது. பல்லாண்டு எதிர்ப்புக்குப் பின் 2020-ல்தான் அதன் பெயர் "குளோ அண்ட் லவ்லி" என மாறியது. பெயர் மாறியது, எண்ணம் மாறியதா?

வேறு சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. ஆனால் அது தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 2021 முதல் 2023 வரை கேரளத்தின் கோட்டக்கல்லில், இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களிடம், சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். நிறத்திற்காகப் பெண் தன் உடலையே விலை கொடுக்கிறாள். அவளை அந்த நிலைக்குத் தள்ளியது யார்? நம் நாவுகள் அல்லவா?

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதா அவர்களிடம், சுவனத்துப் பெண்மணி ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்டு, கறுத்த நிறமுடைய ஒரு பெண்மணியைச் சுட்டிக் காட்டினார்கள். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் குணமடைய துஆ என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, பொறுமையையே அவர் தேர்ந்துகொண்டார். வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யும்படி வேண்டினார். நபியவர்களும் அவ்வாறே துஆச் செய்தார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவருடைய நாணமும் பொறுமையும்தாம் அவருக்கு அழகு!

தாய்மார்களே! தூய உடை, எண்ணெய் தடவி வாரிய கூந்தல், மருதாணி, சுர்மா, மிஸ்வாக் இவற்றை மார்க்கம் தடுக்கவில்லை. கணவருக்காக அலங்கரித்துக்கொள்வது நற்செயலே. ஆனால் உங்கள் மகளை விளையாட்டுக்கும் "கறுப்பி" என்றழைக்காதீர்கள். முத்திரையும் விவரமும் இல்லாத களிம்புகளை வாங்கித் தராதீர்கள். மகனுக்குப் பெண் தேடும்போது, பொருள், குலம், அழகு, மார்க்கப்பற்று என்ற நான்கில் மார்க்கப்பற்றையே தேர்ந்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நினைவில் வையுங்கள். நிறத்தைக் கேட்குமுன் தொழுகையைக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் உருவங்களைப் பார்ப்பதில்லை; உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான். அவன் பார்க்கும் இடத்தை அழகாக்கிக்கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.