கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தலாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையாலும் மண்சரிவாலும் வீடு, தோட்டம் இழந்த கண்டி மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில், முதியவர்களின் கிளினிக் கொப்பியும் மண்ணோடு போயிற்று. அதோடு நின்ற மருந்துகளில் எவரும் தேடாதது கொலஸ்ட்ரோல் குளிசைதான். சீனி வியாதிக் குளிசை தவறினால் தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் காட்டிக்கொடுக்கும். இது தவறினால் உடம்பு ஒன்றும் சொல்லாது. "விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நமது ஈரலே உண்டாக்குகிறது. அற்றோவஸ்ரற்றின் போன்ற குளிசைகள் அதைக் குறைக்கின்றன. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவு திரும்பிவிடும். வாய்க்காலில் வண்டல் படிவதுபோல இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது மெதுவாகவே நடக்கும்.

ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள், இருதயக்குழாய்க்குள் ஸ்ரென்ற் வைத்தவர்கள், எந்த வயதிலும் தாமாக நிறுத்தக் கூடாது. இதில் விவாதமில்லை.

இருதய நோய் வராத, 75 வயதைக் கடந்தவர்களைப் பற்றியே வைத்தியர்களிடையே கேள்வி உண்டு. பிரான்ஸில் 75 வயதான சுமார் 120,000 பேரைக் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், குளிசையை நிறுத்தியோர் இருதய, இரத்தக்குழாய் நோய்களுக்காக வைத்தியசாலையில் சேரும் ஆபத்து 33 வீதம் கூடியிருந்தது. நிறுத்தியவர்கள் வேறு காரணங்களாலும் நலிந்திருக்கலாம் என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது. மறுபுறம், ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவெனக் கருதப்பட்ட 381 நோயாளரிடம் அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நிறுத்தியதால் பெருந்தீங்கு காணப்படவில்லை; அவர்கள் சற்று நிம்மதியாகவும் இருந்தார்கள். ஆகவே நிறுத்தும் காலமும் உண்டு. அதை வைத்தியரோடு பேசியே தீர்மானிக்க வேண்டும்.

தசைவலி என்று சொல்லி விடுபவர்களே அதிகம். மண்வெட்டி பிடிக்கும் கைக்கு வலி வர வேறு காரணமா வேண்டும்? ஆனாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். கடும் வலியோடு சிறுநீர் பிளேன்ரீபோலக் கறுத்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார், மருந்து எதற்கு" என்போர் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். வைத்தியரும் மருந்தும் இறைவனின் கொடை என்பதே அங்குள்ள போதனை. முதல் ஸ்ரற்றினை ஜப்பானியரான அகிரா எண்டோ 1970களில் கண்டெடுத்ததும் ஒரு பூஞ்சணத்திலிருந்துதான்.

கொப்பி இல்லையென்று வெட்கப்பட்டு வீட்டிலிருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் பழைய நோய்களைச் சொல்லிப் புதிய கொப்பி கேளுங்கள். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக ஏறும் மேட்டில் புதிதாக மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் காட்டுங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். முதியோருக்கும் சீனி வியாதிக்காரருக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பெரியவரின் குளிசை அட்டையை, வெறும் அட்டையானாலும், எடுத்து வாருங்கள். பெயரையும் அளவையும் எழுதி, அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் போட்டுவைப்போம்.