முன்னால் ஒரே செயின் வீல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னை மயிலாப்பூர் மாட வீதிகளில் சரக்கு ஏற்றிப் போகும் பழைய சைக்கிளுக்கு முன்னால் ஒரே செயின் வீல்தான். விடிகாலையில் அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பும் ரோடு பைக்குகளில் பெரும்பாலும் இரண்டு. அதில் ஒன்றைக் கழற்றிவிடலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். கழற்றலாம். ஆனால் அதைச் சுற்றி உலவும் பேச்சுகளில் பாதி தவறு.

நம்பிக்கை: ஒரு வீல் போனால் கியரில் பாதி போய்விடும்.

பின்னால் 11 படி என்றால், எண்ணிக்கையில் 22 என்பது 11 ஆகும், உண்மைதான். ஆனால் அந்த 22-இல் பல இரட்டைப் பிறவிகள். முன்னால் 50 பல், பின்னால் 25 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று. முன்னால் 34, பின்னால் 17 வைத்தாலும் அதே இரண்டு சுற்றுதான்.

நம்பிக்கை: வேகம் குறைந்துவிடும்.

42 பல் வீலும் பின்னால் 11 பல்லும் இருந்தால், நிமிடத்துக்கு 90 மிதியில் மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர் வரும். உஸ்மான் சாலையில் அந்த வேகத்துக்கு எங்கே இடம்? கடற்கரைச் சாலையிலும் தனியாக ஓட்டுபவர்களில் மிகச் சிலரே அதைத் தொடுவார்கள்.

நம்பிக்கை: சின்ன வீலையும், செயினை வீலுக்கு வீல் தள்ளும் முன் டெரெய்லரையும் கழற்றினால் வேலை முடிந்தது.

இதுதான் ஆபத்தான நம்பிக்கை. இரட்டை வீலின் பற்கள் செயினை எளிதாக நழுவ விடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கியர் மாற அந்த நழுவல் வேண்டும். அதுவரை செயின் வெளியே போகாமல் ஓரளவு காத்து நின்றதும் முன் டெரெய்லர்தான். அதை எடுத்துவிட்டுப் பழைய வீலையே வைத்துக்கொண்டால், எல்.பி. சாலையின் ஒரு வேகத்தடையில் செயின் கழன்றுவிடும், பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும்.

ஒற்றை வீலுக்கென்றே ஒரு பல் தடிமனாகவும் அடுத்தது மெலிதாகவும் செய்த வீல்கள் உண்டு. செயினின் அகல இடைவெளியில் தடித்த பல்லும் குறுகியதில் மெல்லிய பல்லும் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். 2012-இல் ஸ்ராம் நிறுவனம் மலை சைக்கிள்களுக்கு இதைக் கொண்டுவந்த பிறகுதான் ஒற்றை வீல் பரவியது. செயின் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டெரெய்லரும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வீலுக்கான போல்ட்டுகள் நீளம் அதிகம், ஒரு வீலை இறுக்காது. குட்டைப் போல்ட் கேட்டு வாங்குங்கள். செயினையும் புதிய அளவுக்கு வெட்ட வேண்டும்.

நம்பிக்கை: சென்னையில் மேடே இல்லை, பின்சக்கரத்தில் எந்தப் பல் அடுக்கு (கேசட்) போட்டாலும் ஒன்றுதான்.

மேடு இல்லை, காற்று இருக்கிறது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்றுதான். அங்கே தேவைப்படுவது நெருக்கமான படிகள். 11-28 கேசட்டில் 13, 14, 15 என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். அதே 11 படியில் 11-34 கேசட் என்றால் 13-க்கு அடுத்தது 15. அதே மிதி வேகத்தில் மணிக்கு 37 கிலோமீட்டரிலிருந்து நேராக 32-க்கு இறங்க வேண்டும். காற்றோடு மல்லுக்கட்டும்போது நடுவில் இல்லாத அந்த ஒரு படிக்காகக் கால் ஏங்கும்.

2018-இல் அயர்லாந்தின் அக்வா புளூ ஸ்போர்ட் அணி ஒற்றை வீல் சைக்கிளோடு தொழில்முறைப் பந்தயங்களுக்குப் போனபோதும் அதிருப்தி எழுந்தது. கூட்டமாக ஓட்டும் பந்தயத்தில் படி இடைவெளி பெரிய விஷயம்.

மலைக்கணக்கு வேறு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ முன்னால் 42-க்குப் பின்னால் 28 போதாது, முழங்கால் பழுதாகும். பின்னால் 34 பல் போட்டால் பழைய 34-க்கு 28-ஐக் கிட்டத்தட்ட எட்டிவிடலாம். ஆனால் பழைய குட்டைப் பின் டெரெய்லர் அதைத் தாங்காது.

ஊருக்குள்ளும் மாமல்லபுரம் வரையிலும் ஓட்டுபவருக்கு 42 பல் வீலும் 11-28 கேசட்டும் தாராளம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மலையேறுபவர் இரட்டை வீலைக் கழற்ற வேண்டாம். முடிவெடுக்கும் முன் ஒரு மாதம், சின்ன வீலுக்கு எத்தனை முறை மாறினீர்கள் என்று குறித்து வையுங்கள்.