டாப் டயர் ஹீரோ வேண்டுமா? முதலில் அவன் பலவீனத்தை எழுதுங்கள்

“தருமபுரியில உட்கார்ந்துகிட்டு பொம்மை வரைஞ்சா சோறு போடுமா?” வீட்டில் இந்தக் கேள்வி வரும். வரட்டும். கேம் ஸ்டுடியோ, அனிமேஷன், விளம்பர ஏஜென்சி, குழந்தைகள் பதிப்பகம், மொபைலில் ஓடும் வெப்டூன் என்று கேரக்டர் டிசைன் தெரிந்தவருக்கு வாசல்கள் இருக்கின்றன. பெங்களூரு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். சிக்கல் வேறு இடத்தில். உங்களைப் போலவே டேப்லெட் வாங்கி, சூப்பர் ஹீரோ வரைந்து, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு லைக்குக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். எல்லா போர்ட்ஃபோலியோவிலும் அதே சிக்ஸ் பேக், அதே முகமூடி, அதே மின்னல். ஆர்ட் டைரக்டருக்கு உங்கள் பெயர் எப்படி நினைவில் நிற்கும்?

டாப் டயர் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: வாசகர் கடையில் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஹீரோவின் சக்தி இதில் சேர்த்தி இல்லை. மலையைத் தூக்குகிறான் என்று எழுத ஒரு வரி போதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். கேட்டு வாங்க வைப்பதற்கு வேறு சில வேலைகள் தேவை. தமிழில் அந்த வேலையை ஏற்கெனவே செய்து காட்டியவர்களிடமிருந்தே எடுத்துக்கொள்வோம்.

1. லிமிட்டில் தொடங்குங்கள். சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு களத்தில் இறங்கியது. 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஓவியர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஹீரோவுக்கு வலது கை எஃகு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான், ஆனால் அந்த எஃகுக் கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரத்தில் மின்சக்தி தீரும், ஆள் மறுபடி தெரிய ஆரம்பித்துவிடுவான். அந்த ஒரே குறை எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். எழுத்தாளருக்கு ஒரு கெடு கிடைக்கிறது: சக்தி தீர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஓவியருக்கு யாரும் வரையாத ஒரு காட்சி கிடைக்கிறது: காலி அறை, அந்தரத்தில் மிதந்து வரும் ஒரு கை. வாசகனுக்கு ஹீரோவை முந்திக்கொண்டு பதறும் வாய்ப்பு கிடைக்கிறது: பக்கத்தில் ஒரு மின்கம்பி இருக்கிறதா இல்லையா? முழுவதுமாக மறைந்துபோகும் ஒருவனை வைத்து இதில் ஒன்றைக்கூடச் செய்திருக்க முடியாது.

இன்றைக்கே ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். என்ன செய்வான், எப்போது முடியாது, முடியாதபோது கண்ணுக்கு என்ன தெரியும். மூன்றாவது பத்தியை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த கேரக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பாசம் வேண்டாம்.

நம் மாவட்டத்திலேயே ரெடிமேடாகச் சரக்கு கிடக்கிறது. ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமானது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஒற்றைத் துடுப்பு, துடுப்பு தவறினால் சுற்ற ஆரம்பிக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வட்டம், உள்ளே சின்னத் தலைகள். மற்ற படகுத் துரத்தல் காட்சிகளில் வராத கேமரா ஆங்கிள் இதில் வரும். காவிரியில் வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை போடும். பரிசல் ஓட்டிதான் ஹீரோ என்றால், ஆற்றில் தண்ணீர் கூடும் அன்றைக்கு அவன் கை கட்டிப்போடப்படுகிறது. உதவிக்கு ஆள் தேவைப்படுவதும் அன்றைக்குத்தான். நியூயார்க் மொட்டை மாடியை இணையப் படம் பார்த்து வரைபவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். உங்களுக்கு அங்கே ரேட் கிடைக்காது.

2. கறுப்பு உருவ டெஸ்ட். கேரக்டரை முழுக் கறுப்பாக நிரப்பி, போன் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். யாரென்று தெரிகிறதா? பூந்தளிர் இதழில் வந்த வேட்டைக்கார வேம்புவை நினைத்துப் பாருங்கள். தொப்பி கண்ணை மறைத்திருக்கும். அந்தத் தொப்பியும் கீழே ஒரு மீசையும் போதும், யாரும் சொல்லிவிடுவார்கள். லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய முகமூடி மாயாவி, ராணி காமிக்ஸ் வழியாக இங்கே வீடு வீடாகப் போனவர். அவர் மோதிரம் எதிரியின் தாடையில் மண்டையோட்டு முத்திரையைப் பதித்துவிட்டுப் போகும். ஹீரோ இல்லாத கட்டத்திலும் ஹீரோ இருக்கிறார். பிராண்டிங் என்றால் இதுதான்.

இதைப் பழைய கைகளிடமிருந்து கற்க வேண்டும் என்றால் தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். பென்சிலோடு போங்கள், செல்ஃபியோடு திரும்பாதீர்கள். ஒரே கல், ஒரே கட்டம். வீரன் பெரிதாக நிற்பான், கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்புகள், சில கற்களில் காலடியில் மாடு. எழுத்து பொறித்த கல்லாக இருந்தால் அரசன் பெயர், ஆட்சியாண்டு, எந்த ஊருக்காக எப்படி இறந்தான் என்பது இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். பின்னால் வந்த சில கற்களில் கீழே சண்டை, நடுவே தேவமகளிர் அவனைத் தூக்கிப் போவது, மேலே சொர்க்கம் என்று மூன்று கட்டமாகவே பிரித்திருப்பார்கள். தேவையில்லாத கோடு ஒன்று இருக்காது. இந்தப் பக்கம் பல ஊர்களில் அதே கல் வேடியப்பன் சாமியாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் மார்க்கெட்டில் இருக்கும் கேரக்டரை இதற்குமேல் எங்கே தேடப் போகிறீர்கள்?

3. ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இன்டர்வியூவில் “உங்க கேரக்டர் யாரு?” என்று கேட்டால் கிரகம், பரம்பரை, தீர்க்கதரிசனம் என்று ஆரம்பிப்பவர்கள் வெளியே போக வேண்டியதுதான். சுப்பாண்டியைப் பாருங்கள்: சொன்னதைச் சொன்னபடியே செய்வான், அதனாலேயே வேலை போகும். முடிந்தது. முதலாளியை மாற்றினால் புதுக் கதை. 1983-ல் மும்பையின் டிங்கிள் இதழில் அவன் வந்தது எப்படி தெரியுமா? திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதி அனுப்பிய நாட்டுப்புறக் கதைகள்தான் அடிப்படை; ராம் வாயீர்கர் உருவம் கொடுத்தார். மும்பைக்குப் போகாமலே, ஒரு தபாலில், இந்தியா முழுக்கத் தெரிந்த ஒரு பாத்திரம். நீங்கள் மெயில் அனுப்பத் தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

4. பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஆளை வையுங்கள். 1948-லிருந்து இத்தாலியில் ஓடிக்கொண்டிருக்கும் டெக்ஸ் வில்லர் தமிழில் இன்றைக்கும் விற்பதற்கு, அவர் துப்பாக்கி பாதிக் காரணம். மீதி, கூடவே வந்து சாப்பாட்டைப் பற்றிப் புலம்பும் கிழட்டு நண்பர் கார்சன். ஹீரோவைக் கிண்டல் செய்யும் உரிமை கதைக்குள்ளேயே ஒருவருக்கு இருந்தால், வாசகன் செய்ய மாட்டான்.

5. கேரக்டர் வேறு, டைட்டில் வேறு. நல்ல கேரக்டரை வைத்துக்கொண்டு டைட்டிலைச் சாகடித்தவர்கள் நிறைய. டைட்டிலுக்கு வேண்டியது ஒழுங்கு. நாலு ரோடு பக்கம் ஏதாவது டீக்கடையில் தினத்தந்தியை எடுத்துப் பாருங்கள், கன்னித்தீவு இருக்கும். 1960-ல் தொடங்கியது, ஓவியர் கணு வரைந்து, பிறகு கை மாறி, 20 ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. அதன் முடிச்சு ரொம்பச் சின்னது: மந்திரவாதி மூசா இளவரசி லைலாவைக் குட்டியாக்கிவிட்டான், சிந்துபாத் அவளைப் பழையபடி ஆக்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தின் விதி, பிரபஞ்சப் போர் எதுவும் இல்லை. பாதியில் பார்க்கிறவனுக்கும் ஒரு நிமிடத்தில் கதை புரியும், நாளைக்கும் ஏதோ பாக்கி இருக்கும். இழுத்தடிக்கும் எந்த வேலைக்கும் நாம் அதன் பெயரைத்தான் சொல்கிறோம். கிண்டலாகத்தான் சொல்கிறோம், ஆனால் படிக்காதவன்கூட அந்தப் பெயரைச் சொல்கிறானே! உங்கள் டைட்டில் அந்த அளவுக்கு வந்தால் கிண்டலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே வருடம், 1984-ல், தொடங்கின. லயன் மாடஸ்டி என்ற நாயகியோடு, ராணி ஜேம்ஸ் பாண்டோடு. பின்னால் ராணி நின்றுவிட்டது. லயன் தடுமாறி, 2012-ல் புதுத் தோற்றத்தில் மீண்டும் எழுந்து நின்றது. காத்திருந்து வாங்கும் வாசகர்களைச் சம்பாதித்து வைத்திருந்ததால்தான் அந்த எழுச்சி சாத்தியம் என்பது என் கணிப்பு. எனவே தொடங்கும் முன்பே ஆறு எபிசோடு முடித்துக் கையில் வையுங்கள். வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு மூன்றாவது வாரம் “உடம்பு சரியில்லை” போஸ்ட் போடுபவருக்கு எந்த எடிட்டரும் போன் செய்ய மாட்டார்.

6. பலூனை முதலில் போடுங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. படத்தை முழுசாக வரைந்துவிட்டு, மிச்ச இடத்தில் வசனத்தைத் திணிப்பார்கள். தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட நீளம். ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ ஒற்றைச் சொல்லாக ஒரு வரியையே விழுங்கிவிடும். ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘கூ’வின் வளைவு கீழே இறங்கும், வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். அதனால் ரஃப் ஸ்கெட்ச் கட்டத்திலேயே வசனத்தை டைப் செய்து பலூனை வைத்துவிடுங்கள், பிறகு ஆட்களை நிறுத்துங்கள். வசனம் பொருந்தவில்லையா? எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், வசனத்தை வெட்டுங்கள். சாஃப்ட்வேருக்குப் பணம் இல்லை என்பது சாக்கு. கிரிட்டா இலவசம்.

7. போர்ட்ஃபோலியோவைப் பத்துப் பக்கத்துக்குள் முடியுங்கள். ஒரு கேரக்டர் ஷீட்: முன், பக்கவாட்டு, பின் தோற்றம், ஆறு முகபாவம். வசனமே இல்லாத இரண்டு பக்கக் கதை. வசனம் உள்ள இரண்டு பக்கம். பிடிஎஃப் ஃபைலின் பெயரில் உங்கள் பெயரும் போன் நம்பரும். ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று அனுப்புபவரின் ஃபைலைத் திறக்கவே மனசு வராது. பிரிண்ட் எடுத்த ஒரு சின்ன இதழோடு காமிக் கானுக்குப் போங்கள்; சென்னையிலும் 2024 முதல் நடக்கிறது, ஆனால் நமக்கு பெங்களூருதான் பக்கம், செலவும் குறைவு. அங்கே ரசிகனாகச் சுற்றாதீர்கள். ஓவியர்களின் டேபிள் வரிசையில் நின்று யார் எதை என்ன விலைக்கு விற்கிறார்கள், கூட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

8. கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெயரும் ஓய்வூதியமும் கிடைக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது. நடுவில் 1960-களில் அதே சீகல் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு ஸ்பைடர் கதைகளை எழுதிக்கொண்டிருந்தார். லயன் காமிக்ஸில் நம் பையன்கள் கொண்டாடிய, குற்றச் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு அப்புறம் நல்லவனாக மாறிய, அதே ஸ்பைடர்.

நம் நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பாதகமாகவும் சாதகமாகவும் சிலவற்றைச் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். அதனால் உங்கள் சொந்தக் கேரக்டரை ஆபீஸ் நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தொடாதீர்கள். சேருவதற்கு முன்பே வரைந்ததை, தேதியோடு, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இது தெரிந்த கம்பெனிகள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று ஒரு வரியை உள்ளே வைத்திருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடியுங்கள். அழிக்கச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், அந்த வரிக்குத் தனியாக ஒரு தொகை கேளுங்கள். பொம்மை, டி-ஷர்ட், கேம், சினிமா ஒவ்வொன்றுக்கும் தனி வரி கேளுங்கள். “இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்?” என்பார்கள். அப்போது “படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள், பேனாவை அங்கே எடுக்கவே வேண்டாம்.