சேவ் செய்த போட்டோ எங்கே போனது?

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தேர்வு விண்ணப்பத்திற்காகத் தன் போட்டோவின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. 50 கேபிக்கு மேல் போகக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களைப் பார்ப்பவரிடமெல்லாம் சிபாரிசு செய்பவன் நான். சும்மா இருப்பேனா? அவருடைய கம்ப்யூட்டரில் ஜிம்ப் இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் பிரிவைக் காட்டியதும் சட்டென்று பிடித்துக் கொண்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

பைல் மெனுவில் சேவ் ஆஸ் கிளிக் செய்து, பெயருடன் ஜேபிஜி என்ற எக்ஸ்டென்ஷனையும் டைப் செய்தார். இங்கே எக்ஸ்.சி.எப். பார்மட்டில் மட்டுமே சேவ் செய்ய முடியும், மற்றவற்றுக்கு எக்ஸ்போர்ட் பயன்படுத்தவும் என்று ஒரு செய்தி வந்தது. நம்மில் யார் இதையெல்லாம் படிக்கிறோம்? அதை மூடிவிட்டு, எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு சேவ் செய்தார். பைல் கிடைத்தது. விண்ணப்பத்தில் அது ஏறவில்லை. "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் தம்பி" என்றார்.

தப்பு அவருடையது அல்ல. பல வருடங்களாக ஜிம்ப் பயன்படுத்தும் என் கண்ணில் இப்படி ஒரு இடறல் இருப்பதே பட்டதில்லை. என் விரல்கள் தாமாகவே கண்ட்ரோல், ஷிப்ட், இ கீகளை அழுத்திவிடும். புரோகிராமை எழுதுபவர்களின் நிலையும் இதுதான். பழகியவருக்குப் பள்ளம் தெரிவதில்லை.

2012 மே மாதம் வெளியான ஜிம்ப் 2.8 பதிப்பில்தான் இந்தப் பிரிவினை வந்தது. அதற்கு முன் சேவ் கட்டளையிலேயே ஜேபெக் ஆகவும் சேமிக்கலாம். ஆனால் ஜேபெக் பைலில் லேயர்கள் தங்காது. பல மணி நேரம் லேயர் லேயராக உழைத்தவர், அவற்றை இழந்துவிடும் ஆபத்து இருந்தது. எனவே வேலையை முழுதாகக் காப்பதற்கு சேவ், வெளியே கொடுப்பதற்கு எக்ஸ்போர்ட் என்று பிரித்தார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காரணம் சரியானதே. ஆனால் ஒரே ஒரு போட்டோவைச் சுருக்க வந்தவருக்கு லேயர் என்றாலே என்னவென்று தெரியாதே! பின்னர் அந்தச் செய்தியிலேயே எக்ஸ்போர்ட் விண்டோவிற்குச் செல்லும் லிங்க் ஒன்றைச் சேர்த்தார்கள். தனித்தனி விண்டோக்களாகச் சிதறிக் கிடந்த டூல் பாக்ஸ்களையும் 2.8 பதிப்பிலேயே ஒரே விண்டோவில் அடக்க வழி செய்து, 2018-ல் வந்த 2.10 பதிப்பில் அதையே மாறா நிலையாக ஆக்கினார்கள்.

புதியவரை உட்கார வைத்துக் கவனிப்பது லினக்ஸ் உலகிற்குப் புதிதல்ல. ஜினோம் டெஸ்க்டாப்பைச் சாதாரணப் பயனாளர்களிடம் கொடுத்து, 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஆய்வு செய்தது. மறு ஆண்டு ஜினோம் திட்டத்தினர் இண்டர்பேஸ் வடிவமைப்புக்கான விதிகளைத் தொகுத்து வெளியிட்டனர். அதில் எனக்குப் பிடித்தது, டயலாக் பாக்ஸ் பட்டன்களில் யெஸ், நோ என்று போடாமல் நடக்கப் போகும் செயலையே எழுத வேண்டும் என்பது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஆய்வுக்கூடம் வேண்டாம், வீட்டில் ஒருவர் போதும். ஒரு புரோகிராமைத் திறந்து வைத்து, ஒரு வேலையைச் சொல்லுங்கள். "இந்தப் போட்டோவைச் சின்னதாக்கி மெயிலில் அனுப்பு" என்று சொல்லலாம். மெனுவின் பெயரைச் சொல்லக் கூடாது. பிறகு வாயை மூடிக் கொள்ளுங்கள். இதுதான் மிகவும் கஷ்டம். நான் முதல் முறை அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை, மவுஸையே பிடுங்கிவிட்டேன்! அவர் முதலில் எதைக் கிளிக் செய்தார், எங்கே நின்றார், எந்தச் சொல்லைத் தேடினார் என்று குறித்துக் கொள்ளுங்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார்.

குறித்ததை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள். ஜிம்ப் குறித்த புகார்களை ஜினோமின் கிட்லேப் தளத்தில் பதியலாம். ஏற்கனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடவும். பதிப்பு எண்ணையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் குறிப்பிடவும். ஒரு பதிவில் ஒரு சிக்கல் மட்டும். "மெனு குழப்பமாக இருக்கிறது" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அக்காவைப் பார்த்து நான் எழுதியது இது: "முதல் முறை பயன்படுத்துபவர் போட்டோவைச் சுருக்கி ஜேபெக் ஆகச் சேமிக்க முயன்றார். சேவ் ஆஸ் திறந்தார். செய்தியைப் படிக்காமல் மூடினார். எக்ஸ்போர்ட் என்ற சொல்லை அவர் தேடவே இல்லை."

அக்காவின் போட்டோவை அன்றே எக்ஸ்போர்ட் வழியாக அனுப்பிவிட்டோம். ஜேபெக் எக்ஸ்போர்ட் விண்டோவில் பிரிவியூ கட்டத்தில் டிக் செய்துவிட்டு குவாலிட்டியைக் குறைத்தால், பைல் எத்தனை கேபி ஆகும் என்பது அங்கேயே தெரியும்.