ஏற்றும் நிமிடமும் இறக்கும் நிமிடமும்

ஹூஸ்டன் பக்கம் ஒரு ரேஞ்சில், புதிதாகப் பிஸ்டல் வாங்கியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் கூடமாட உதவி வருகிறேன். நம் ஊர்க்காரர்களும் வருவார்கள். குறி பார்த்துச் சுடுவதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. இடுப்பில் செருகும்போதும் வீட்டுக்குப் போய்க் கழற்றும்போதும்தான் கை சொதப்புகிறது. தெருவில் திருடன் வழிமறிப்பது ஆயுளில் ஒருமுறைகூட நடக்காமல் போகலாம். பிஸ்டலை ஏற்றி இறக்குவதோ தினமும் நடக்கிறது. அதனால் அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். ஜெஃப் கூப்பரின் நான்கு விதிகள் உங்களுக்கு மனப்பாடம் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரே புதிது என்றால் முதலில் ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டு வாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற ஓரிரு விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதாகி வேறு சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனாலும் மாநிலம் தரும் எல்.டி.சி. (லைசென்ஸ் டு கேரி) உரிமத்தை வாங்கிவிடுங்கள். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிறது இன்னொரு மத்திய சட்டம். மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவர் அதே தெருவில் காரில் போனாலே சிக்கல்தான். உரிமத்துக்கான சுடும் தேர்வு 50 தோட்டா, 250 புள்ளி. 175 எடுத்தால் தேறிவிடலாம். தபால் நிலையத்துக்குள்ளும், சிவப்பில் 51% என்று பலகை மாட்டிய மதுக்கூடத்துக்குள்ளும் உரிமம் இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது.

அடுத்து ஹோல்ஸ்டர். எழுநூறு டாலருக்குப் பிஸ்டல் வாங்கிவிட்டு, பதினைந்து டாலர் துணிப்பையில் செருகிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, கைடெக்ஸ் போன்ற கெட்டியான ஹோல்ஸ்டர் வேண்டும். ட்ரிகரையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் அது முழுக்க மூட வேண்டும். பிஸ்டலை உருவிய பிறகும் ஹோல்ஸ்டரின் வாய் சுருங்கக் கூடாது. கூடவே மடங்காத தடித்த பெல்ட். ஹோல்ஸ்டரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிளாக்சிகோ பர்ரஸ் ஒருவர் போதும். 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வெல்ல வைத்த பந்தைப் பிடித்த அமெரிக்கக் கால்பந்து வீரர் அவர். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், வெறும் இடுப்பில் செருகியிருந்த கிளாக் பிஸ்டல் பேண்டுக்குள் வழுக்கியது. தோட்டா தொடையில் பாய்ந்தது. உரிமமில்லாமல் வைத்திருந்ததற்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இனி ஏற்றுவது. கிளாக் போன்ற பிஸ்டல்களில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது. சுமார் இரண்டரைக் கிலோ இழுப்பு விசை ட்ரிகரில் பட்டால் வெடிக்கும். இழுப்பது விரலா, துணியா என்று அதற்குத் தெரியாது. நான் பார்த்தவரையில் பெரிய வில்லன் குளிர்கால ஜாக்கெட்டின் அடியில் தொங்கும் இழுகயிறும் அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் குமிழும்தான். சட்டை நுனி அதற்கு அடுத்தபடி. இவற்றில் ஏதாவது ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்துவிட்டால், நீங்கள் அழுத்துகிற அழுத்தே மீதியைச் செய்துவிடும்.

இதற்கு என் குறுக்குவழி: பிஸ்டலை இடுப்பிலுள்ள ஹோல்ஸ்டரில் செருகாதீர்கள். ஹோல்ஸ்டரைத் தனியாகக் கையில் எடுத்து, குழல் உங்களையோ வேறு யாரையோ பார்க்காதபடி பிடித்து, கண்ணெதிரே பிஸ்டலை உள்ளே வைத்துவிடுங்கள். ‘க்ளிக்’ என்று உட்காரும். பிறகு மொத்தமாக எடுத்து பெல்ட்டில் மாட்டுங்கள். வகுப்பிலோ ரேஞ்சிலோ இடுப்பிலேயே செருகவேண்டி வந்தால், இடது கையால் சட்டையை மார்புவரை தூக்கிக்கொண்டு, குனிந்து பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். வயிற்றுக்கு முன்னால் வைப்பவர்கள் இடுப்பை முன்தள்ளி, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டால் குழல் தொடையை விட்டு விலகும். ஏதாவது தடுக்கினால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள். சினிமா கதாநாயகன்போல் பார்க்காமலே சட்டென்று செருகுவதில் பெருமை ஒன்றும் இல்லை. உருவுவதில்தான் அவசரம் இருக்கலாம்.

சேம்பரில் தோட்டா ஏற்றிக்கொண்டு போவதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் இரண்டு வாரம் வேண்டாம். கிளாக்கில் ஒரு வசதி: மேகசினை வெளியே எடுத்து, சேம்பர் காலி என்று பார்த்து, ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டு, நாள் முழுக்க ஹோல்ஸ்டரோடு நடமாடுங்கள். காரில் ஏறி இறங்குங்கள், குழந்தையைத் தூக்குங்கள், குனிந்து ஷூ கட்டுங்கள். இரவில் எடுத்துப் பார்க்கும்போது ட்ரிகர் முன்னால் நின்றால் யாரும் அதை இழுக்கவில்லை. பின்னால் கிடந்தால், நடுவில் எங்கோ எதுவோ இழுத்திருக்கிறது. அந்த ஹோல்ஸ்டரைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு வாரம் முன்னாலேயே நின்றால் நம்பிக்கை தானாக வரும்.

கழிவறை விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு வகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள். ட்ரிகர் வளையத்தைக் கொக்கியில் மாட்டுவதும் காகிதச் சுருள் பெட்டியின்மேல் வைப்பதும் கூடவே கூடாது. மேலே வைத்தது மறந்துபோகும், அடுத்து வருகிறவர் எடுப்பார். ஹோல்ஸ்டரோடு, பேண்டோடு, முழங்காலுக்கு நடுவிலேயே கிடக்கட்டும்.

கை தவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை கீழே விழுந்தால் வெடிக்காதபடி செய்தவை. அந்தரத்தில் பாய்ந்து பிடிக்கும் விரல் ட்ரிகரில் போய் விழுவதுதான் ஆபத்து. பழைய ரிவால்வர் வேறு ரகம். 2024 அக்டோபரில் நடிகர் கோவிந்தாவின் மும்பை வீட்டில் கை நழுவிய ரிவால்வர் வெடித்துக் காலில் பாய்ந்த செய்தியைப் படித்திருப்பீர்கள்.

இறக்குவதில்தான் தப்பு நடக்கிறது, அதுவும் பழகியவர்களிடம். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று கை நினைத்துக்கொள்கிறது. சேம்பரில் ஒரு தோட்டா இன்னும் உட்கார்ந்திருக்கும். இன்னொரு ரகம், ஸ்லைடை முதலில் இழுத்துத் தோட்டாவை வெளியேற்றிவிட்டு, அப்புறம் மேகசினை எடுப்பது. ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போய்விட்டது! கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமானால் ட்ரிகரை அழுத்தித்தான் ஆகவேண்டும். ‘சுத்தம் செய்யும்போது வெடித்தது’ என்ற கதைகளில் பல இப்படிப் பிறந்தவை.

வரிசை மாறக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். மேகசினை எடுத்து மேசையில் தள்ளி வையுங்கள். பிறகு ஸ்லைடை முழுக்க இழுத்துத் தோட்டாவைக் கீழே விழவிடுங்கள். அதை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் வித்தை வேண்டாம், கைக்குள்ளேயே வெடித்தது உண்டு. ஸ்லைடை லாக் செய்து, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். தோட்டாக்கள் அத்தனையும் வேறு அறைக்குப் போன பிறகுதான் துடைக்கும் துணி மேசைக்கு வரவேண்டும்.

ஆனால் தினமும் இதைச் செய்வானேன்? ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏற்றினால் அதன் முனை உள்ளே அமுங்கி, வெடிக்கும்போது அழுத்தம் கூடும் என்ற தொல்லையும் இருக்கிறது. நான் செய்வது, ஹோல்ஸ்டரோடு கழற்றி, பிஸ்டலைத் தொடாமலே, அப்படியே பூட்டுப் பெட்டியில் வைப்பது. காலையில் அப்படியே எடுத்து மாட்டுவது. வாரக்கணக்கில் யாரும் ட்ரிகர் பக்கம் போவதே இல்லை.

பெட்டி கட்டாயம். மெத்தைக்கு அடியில், பீரோ மேல் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த இடங்கள். 17 வயதுக்குக் கீழுள்ளவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விடுவது டெக்சஸில் தனிக் குற்றம். எண் அழுத்தித் திறக்கும் பெட்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுங்கள், மாற்றுச் சாவியை வேறிடத்தில் வையுங்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு எனக்கு ஃபோன் செய்தவர்கள் இதுவரை இரண்டு பேர்.